பழைய துப்பாக்கிக்கு ஒரு தொலைநோக்கி

காஞ்சிபுரத்தை அடுத்த ஓரிக்கையில், என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு தறி ஓடுகிறது. அறுந்த பட்டிழையைப் பிணைக்க, ஐம்பதை நெருங்கும் நெசவாளர் மூக்குக்கண்ணாடியைத் தேடுவார். ஆனால் தெருக்கோடியில் வருபவர் யார் என்று கண்ணாடியின்றியே சொல்லிவிடுவார். வயது ஏற ஏற விழிலென்சின் நெகிழ்ச்சி குறைகிறது. அதனால் அருகிலுள்ளவை மங்குகின்றன.

என் நண்பர் ஒருவருக்கும் இதே தொல்லைதான். கல்லூரி நாளில் என்.சி.சி.யில் என்னோடு சுட்டுப் பழகியவர். தந்தை வழியாக வந்த, உரிமம் பெற்ற பழைய 0.22 ரைஃபிள் அவரிடம் உண்டு. "முனை ரெண்டு ரெண்டாத் தெரியுதப்பா! துப்பாக்கிக்கு வயசாயிடுச்சு" என்றார். வயதானது துப்பாக்கிக்கு அல்ல.

இவ்வகைத் துப்பாக்கியின் தோட்டாவில், வெடிப்பைத் தொடங்கும் மருந்து பித்தளைக் கூட்டின் விளிம்புக்குள் இருக்கும். சுத்தி அவ்விளிம்பில் அடிக்கும். இதனால்தான் இதற்கு 'ரிம்ஃபயர்' என்று பெயர். 1887இல் வந்த '0.22 லாங் ரைஃபிள்' தோட்டா இன்றும் பயனில் உள்ளது. குண்டின் எடை சுமார் 2.6 கிராம், வேகம் விநாடிக்குச் சுமார் 330 மீட்டர்.

குறி பார்க்கும்போது கண்ணுக்கு அருகே ஒரு பிளவு, குழலின் நுனியில் ஒரு முனை, தொலைவில் இலக்கு ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் வரவேண்டும். மூன்றும் மூன்று தொலைவில் உள்ளன. கண்ணோ ஒரு நேரத்தில் ஒரு தொலைவைத்தான் தெளிவாகக் காட்டும். தொலைநோக்கி இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. பொருளருகு லென்சு இலக்கின் பிம்பத்தைக் குழாய்க்குள் உண்டாக்குகிறது. அந்தத் தளத்திலேயே குறுக்கு இழைகளை வைத்துவிட்டால் இரண்டும் ஒருங்கே தெளிவாகத் தெரியும். 17ஆம் நூற்றாண்டில் வில்லியம் காஸ்காயின் என்ற ஆங்கிலேயருக்கு இந்த எண்ணத்தைத் தந்தது, அவர் தொலைநோக்கிக்குள் சிலந்தி விட்ட ஒரு நூல் என்பார்கள்.

நண்பரின் துப்பாக்கியில் மேற்புறம் பொருத்து வரிப்பள்ளம் இருந்தது நல்லதாயிற்று. இல்லையென்றால் உருக்கில் துளையிட வேண்டும். பழம்பொருளின் மதிப்பு போய்விடும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கியில் கை வைப்பவருக்கும் உரிமம் தேவை. அத்தகைய ஒருவரே பொருத்திக் கொடுத்தார்.

ஆனால் சுடுதளத்தில் 50 மீட்டரில் குண்டுகள் முன்னிலும் சிதறின! நான் துப்பாக்கியை மணல்மூட்டைமேல் அசையாமல் வைத்து, தோட்டா இல்லாததை உறுதி செய்துகொண்டு, தலையை மட்டும் மெல்ல இடமும் வலமும் அசைத்துப் பார்த்தேன். குறுக்கு இழை இலக்கின்மேல் நகர்ந்தது. இடமாறு தோற்றப் பிழை! ஆய்வகத்தில் குவிலென்சின் குவியத் தூரம் காணும்போது, ஊசியும் பிம்பமும் ஒன்றாக அசையும்வரை நகர்த்துவீர்களே, அதே கதை.

அந்தத் தொலைநோக்கி பெரிய துப்பாக்கிக்காக 100 மீட்டருக்குச் சரி செய்யப்பட்டது. 50 மீட்டர் இலக்கின் பிம்பம் இழைகளுக்குச் சற்றுப் பின்னால் விழுந்தது. லென்சின் விட்டம் 32 மி.மீ. கண் முழுவதும் ஓரத்துக்குப் போனால் பிழை 16 × 50/100, அதாவது 8 மி.மீ. ஒலிம்பிக் 50 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மி.மீ.தான். (2024இல் பாரிசில் ஸ்வப்னில் குசாலே இந்தத் தூரத்தில்தான் வெண்கலம் வென்றார். அதுவும் தொலைநோக்கி இன்றி. போட்டி விதி அதை அனுமதிப்பதில்லை.)

பொருளருகு லென்சைத் திருகி முன்னே நகர்த்தினோம். குவியத் தூரம் 15 செ.மீ. என்று கொண்டால், தேவையான நகர்வு கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். அதன்பின் தலையை அசைத்தாலும் இழை அசையவில்லை. குண்டுகளும் நெருங்கி விழுந்தன.

அடுத்த வாரம் நண்பர் மறுபடி வந்தார். 25 மீட்டரில் சுட்டாராம். குண்டுகள் ஒன்றரை செ.மீ. மேலே போகின்றனவாம். "மறுபடியும் கெட்டுப்போச்சா?" என்றார். தாளில் வரைந்து காட்டினேன். பார்வைக்கோடு குழலுக்கு 4 செ.மீ. மேலே நேராகச் செல்கிறது. குழல் சற்றே மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதால், குண்டு கீழிருந்து எழும்பி அக்கோட்டைச் சுமார் 15 மீட்டரில் கடக்கிறது. பின் புவியீர்ப்பால் வளைந்து 50 மீட்டரில் மீண்டும் தொடுகிறது. இடைப்பட்ட தூரத்தில் அது கோட்டுக்கு மேலேதான் பறந்தாக வேண்டும். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.