பதினேழு வயதில் முறுக்கி முடிந்த கயிறு

நாற்பத்து நான்கு வயதில் உலகக் கிண்ணப் போட்டியில் விளையாடும் ஒருவரின் உடல் உண்மையிலேயே இளமையாக இருக்கிறதா, அல்லது முதிர்ந்த உடலை அவர் வேறு விதமாகப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டிருக்கிறாரா என்பது மன்னாரின் சிலாவத்துறையிலிருந்து வந்திருக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி. தர்ஜினி சிவலிங்கத்தை மனத்தில் வைத்துக் கேட்கப்பட்ட இக்கேள்வி, விளையாட்டுப் பக்கங்களில் வழக்கமாகக் கிடைக்கும் மன உறுதி, விடாமுயற்சி போன்ற பதில்களைக் காட்டிலும் ஆழமான பதிலுக்கு உரியது.

1979 இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் பிறந்த தர்ஜினி, 208 சென்ரிமீற்றர் உயரமுடையவர். இலங்கை வலைப்பந்தாட்ட அணியில் வளையத்துக்குள் பந்தைப் போடும் பொறுப்பில் நின்றவர். 2009, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் ஆசியக் கிண்ணத்தை வென்ற அணிகளில் விளையாடிய அவர், 2019 இல் லிவர்பூலில் நடைபெற்ற உலகக் கிண்ணத்தில், நாற்பது வயதில், 348 கோல்களைப் பெற்றுத் தொடரின் முதலிடத்தைப் பிடித்தார். 2023 இல் கேப் டவுனில் நடைபெற்ற அடுத்த உலகக் கிண்ணத்திலும் களமிறங்கினார். இவை அனைத்துக்கும் உயரமே காரணம் என்று பலர் சொல்லி முடித்துவிடுகிறார்கள். இருபத்தைந்து வயதிலும் அதே உயரம்தான் இருந்தது என்பதாலும், உயரமும் எடையும் கூடக் கூடத் தரையிறங்கும்போது கால் தாங்க வேண்டிய சுமையும் கூடும் என்பதாலும், நீண்ட காலம் விளையாடியதை உயரத்தால் விளக்க முடியாது. அந்த உயரத்தோடும் எப்படி விளையாட முடிந்தது என்பதே விளக்கப்பட வேண்டியது.

கூடைப்பந்தாட்டத்திலிருந்து பிரிந்து வளர்ந்த வலைப்பந்தாட்டத்தில் வளையம் அதே 3.05 மீற்றர் உயரத்தில் இருந்தாலும், அதன் வாய் குறுகலானது, பின்பலகை கிடையாது, பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓடவும் முடியாது. பந்தைப் பிடித்தவர் காலை நிறுத்தி, மூன்று வினாடிக்குள் அதைக் கைவிட வேண்டும். இவ்விதியின் விளைவாக, தாவிப் பிடித்து இறங்குபவரின் வேகம் முழுவதும் ஓரிரு அடிக்குள் தணிய வேண்டியிருப்பதால், ஒவ்வொரு இறக்கமும் கணுக்காலையும் முழங்காலையும் சோதிக்கிறது. அந்தச் சோதனையில் முதலில் நிற்பது தசை அன்று. தசையை எலும்போடு கட்டும் தசைநாண்.

தசைநாணைப் பற்றி அறியப்பட்ட செய்திகளுள் மிக வியப்பானது, அணுக்குண்டுகளால் கிடைத்தது. 1950களின் நடுப்பகுதி முதல் 1963 வரை வல்லரசுகள் வெட்டவெளியில் நடத்திய அணுவாயுதச் சோதனைகளில் வெளிப்பட்ட நியூத்திரன்கள், வளியிலுள்ள நைதரசனைத் தாக்கி, காபன்-14 எனப்படும் கதிர்த்தொழிற்பாடுடைய காபனை உண்டாக்கின. வளிமண்டலத்தில் அதன் அளவு ஏறக்குறைய இருமடங்காயிற்று. 1963 ஆம் ஆண்டின் சோதனைத் தடை ஒப்பந்தத்துக்குப் பின்னர், கடலும் காடும் அக்காபனை உறிஞ்சியதால் அளவு ஆண்டுதோறும் இறங்கிவந்தது. பயிர் அந்த ஆண்டின் காபனை உட்கொள்கிறது, மனிதர் அந்தப் பயிரை உண்கிறார்கள், உடல் அந்த உணவிலிருந்து இழையத்தைக் கட்டுகிறது. ஆகவே எந்த இழையத்தையும் எடுத்து அதிலுள்ள காபன்-14 இன் அளவைப் பார்த்தால், அது எந்த ஆண்டுகளில் கட்டப்பட்டது என்பதைச் சொல்லிவிடலாம்.

டென்மார்க்கைச் சேர்ந்த கட்யா ஹைனமையரும் அவரது குழுவினரும், இறந்தவர்களின் குதிகால் நாணை, அதாவது கெண்டைத் தசையைக் குதி எலும்போடு இணைக்கும் தடித்த நாணை, இம்முறையில் அளந்து 2013 இல் முடிவை வெளியிட்டார்கள். நாணின் நடுப்பகுதியிலிருந்த காபன்-14, அந்த மனிதர் வாழ்ந்த முதல் 17 ஆண்டுகளின் வளிமண்டல அளவோடு பொருந்தியது. அதற்குப் பிந்திய ஆண்டுகளின் சுவடு ஏறக்குறைய இல்லை. தசையிலோ புதுப்பித்தல் தொடர்ந்து நடந்திருந்தது. ஏழு ஆண்டுக்கு ஒருமுறை உடல் முழுவதும் புதிதாகிவிடுகிறது என்று திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கூற்று, குறைந்தபட்சம் இந்த நாணைப் பொறுத்தவரை பிழையானது. அந்த அளவீடு தர்ஜினிக்கும் பொருந்துமாயின், 2023 இல் கேப் டவுனில் அவரைத் தாங்கிய நாணின் நடுப்பகுதி 1996 ஆம் ஆண்டளவில் கட்டி முடிக்கப்பட்டது.

நாணின் அமைப்பை விளங்கிக்கொள்ள மன்னார்க் கரையில் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. கரைவலை இழுக்கும் தும்புக் கயிறு போதும். தும்பைத் திரித்துப் புரியாக்கி, புரிகளை எதிர்ப்புறமாக முறுக்கிக் கயிறாக்குவதைப் போலவே, கொலாஜன் என்ற புரதத்தில் மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றி ஒரு மூலக்கூறாகின்றன. அம்மூலக்கூறுகள் அடுக்கப்பட்டு நுண்ணிழைகளாகவும், நுண்ணிழைகள் கற்றைகளாகவும், கற்றைகள் நாணாகவும் சேர்கின்றன. தளர்ந்து கிடக்கும் கயிறு இழுபட்டதும் முதலில் நெளிவு நீங்கிப் பிறகே சுமை ஏற்பதைப் போல, ஓய்விலிருக்கும் நாணின் இழைகளும் அலைபோல் நெளிந்திருந்து, நிமிர்ந்த பின்னரே விறைக்கின்றன. கயிறு அறுவது பெரும்பாலும் மெல்ல ஏறும் சுமையால் அன்று, தொய்ந்திருந்து சட்டென விழும் வெட்டிழுப்பால். அதனால்தான் கரைவலை இழுப்பவர்கள் அம்பாப் பாட்டின் தாளத்துக்கு ஒருமித்து அடிவைத்து, கயிற்றைத் தொய்யவும் விடாமல் வெட்டவும் விடாமல் இழுக்கிறார்கள். பழைய கயிறு மற்றொரு பருவமும் தாங்குமா என்பதைக் கயிற்றின் வயதைக் காட்டிலும் அந்தத் தாளம் தீர்மானிக்கிறது. விளையாட்டு வீரரின் உடலில் அத்தாளம் நரம்புத்தொகுதியின் பணி: தாவியவரின் பாதம் தரையைத் தொடுவதற்கு முன்னரே மூளை இறக்கத்தை எதிர்பார்த்துக் கெண்டைத் தசையையும் தொடைத் தசையையும் சுருங்கச் செய்து, நாணின் தொய்வை நீக்கி, தாக்கத்தைப் பல மூட்டுகளுக்குப் பங்கிட்டுவிடுகிறது. அந்த முன்னறிவு பிறப்பில் வருவதன்று. ஆயிரக்கணக்கான இறக்கங்களிலிருந்து கற்கப்படுவது, நாற்பது வயதிலும் தொடர்ந்து கற்கக் கூடியது.

கொலாஜனின் முப்புரி அமைப்பைக் கண்டறிந்த பெருமை, 1954 இல் அதை வெளியிட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். இராமச்சந்திரனுக்கும் கோபிநாத் கர்த்தாவுக்கும் உரியது. கங்காருவின் வால் நாணிலிருந்து எடுத்த இழையை எக்ஸ் கதிரால் ஆராய்ந்து அவர்கள் பெற்ற அம்மாதிரி அடுத்த ஆண்டே திருத்தப்பட்டாலும், அதன் அடிப்படை இன்றுவரை நிலைத்திருக்கிறது. இக்கட்டுரைக்கு வேண்டிய வரலாறு இவ்வளவே.

கயிற்றில் இல்லாத ஒன்று நாணில் உண்டு: இழைகளுக்கிடையே கலங்கள் உயிரோடு இருந்து, இழுவையை உணர்ந்து, அதற்கேற்பப் பொருள் சுரக்கின்றன. நடுப்பகுதியின் தடித்த இழைகள் அப்படியே இருக்க, அவற்றுக்கிடையிலான மெல்லிய இழைகள் நாள்தோறும் கரைந்து மீண்டும் கட்டப்படுவதை, மான்செஸ்டர் ஆய்வாளர்கள் எலிகளில் கண்டு 2020 இல் வெளியிட்டார்கள். ஆய்வுகூடத்தில் வளர்த்த இணையங்களை, அதாவது எலும்பை எலும்போடு கட்டும் இழையங்களை, இழுத்துப் பார்த்த ஆய்வாளர் கீத் பாரின் குழுவினர், சுமார் பத்து நிமிட இழுவைக்குப் பின்னர் கலங்கள் மேற்கொண்டு பதிலளிக்காமல் நின்றுவிடுவதையும், மீண்டும் பதிலளிக்கச் சுமார் ஆறு மணி நேரம் எடுப்பதையும் கண்டார்கள். எலியும் கண்ணாடிப் பாத்திரத்து இழையமும் மனிதரின் கால் ஆகிவிடா. ஆயினும், நாணைப் பேணுவதற்கு இரண்டு மணி நேரம் விடாமல் தாவுவதைவிட, குறுகிய பயிற்சியும் நீண்ட இடைவெளியும் பொருத்தமாக இருக்கலாம் என்று கருத இவை இடமளிக்கின்றன.

இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்கும்போது, முதிர்ந்த வீரர்களைக் காட்டி விற்கப்படும் பொருள்கள் பலவற்றின் மதிப்புக் குறைந்துவிடுகிறது. 2023 பெப்ரவரி 7 ஆம் திகதி, முப்பத்தெட்டு வயதில், கரீம் அப்துல் ஜபாரின் 38,387 புள்ளிகள் என்ற அமெரிக்க என்.பி.ஏ. கூடைப்பந்தாட்டச் சாதனையை முறியடித்த லெப்ரோன் ஜேம்ஸ், உடலைப் பேண ஆண்டுக்குப் பத்து இலட்சம் டொலருக்கு மேல் செலவிடுவதாகப் பரவலாக எழுதப்பட்டது. அந்தச் செலவே அவரது விளையாட்டு ஆயுளை நீட்டியது என்பதற்கு ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு லெப்ரோன் இல்லை. தவிர, அச்சாதனையை முதலில் நாட்டிய கரீம், அவ்வளவு செலவான பேணல் முறைகள் வராத காலத்தில், 1989 இல், நாற்பத்திரண்டு வயதில் ஓய்வுபெற்றவர். பனிக்கட்டிக் குளியலை எடுத்துக்கொண்டால், எடைப் பயிற்சிக்குப் பின்னர் வழக்கமாகக் குளிர்நீரில் மூழ்கியோருக்குத் தசை வளர்ச்சி குறைந்ததாக 2015 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. பயிற்சிக்கு முன்னர் ஜெலற்றினும் விற்றமின் சியும் உட்கொண்டால் கொலாஜன் உற்பத்தியின் குறிகாட்டி இரத்தத்தில் உயர்வதாக 2017 இல் ஓர் ஆய்வு சொன்னது உண்மை. அதில் பங்கேற்றோர் எட்டுப் பேர், அவர்களிடம் அளக்கப்பட்டது இரத்தமேயன்றி நாணின் வலிமை அன்று. எட்டுப் பேரின் இரத்தத்திலிருந்து பல்லாயிரம் ரூபாய்ப் போத்தலுக்குத் தாவுவது விளம்பரத்துக்கு இயலும், அறிவியலுக்கு இயலாது.

ஆகவே வாசகரின் கேள்விக்கு விடை அதன் இரண்டாவது பாதியிலேயே இருக்கிறது. நீண்ட காலம் விளையாடுபவர் உடலைப் புதிதாக்கிக்கொள்வதில்லை. மாற்ற முடியாத ஒரு கயிற்றை வைத்துக்கொண்டு, அதை இழுக்கும் முறையை ஆண்டுக்காண்டு செம்மையாக்குகிறார். எங்கே நின்றால் தேவையற்ற தாவல் குறையும், எந்தக் காலில் எப்படி இறங்கினால் வெட்டிழுப்பு நேராது, எந்த நாளில் பயிற்சியைச் சுருக்க வேண்டும் என்பவற்றை விடாமல் கற்பதே தொடர்ந்து மேம்படுதல் என்பதன் உடலியல் பொருள். பயிற்றுநர்கள் மனப்பாங்கு என்று அழைப்பது, இந்தக் கற்றலை நிறுத்தாமல் இருப்பதையே குறிக்க வேண்டும். வலியைப் பொறுத்துக்கொண்டு மேலும் மேலும் தாவுவதைக் குறிக்கக் கூடாது.

இந்த விடையை அதிகம் கவனிக்க வேண்டியவர்கள் நாற்பது வயதினர் அல்லர், முசலிப் பிரதேசத்துப் பாடசாலைகளில் படிக்கும் சிறுமியர். நாணின் நடுப்பகுதி கட்டப்படுவது பதினேழு வயது வரையில்தான் என்றால், அந்த ஆண்டுகளில் ஓடுவதும் தாவுவதும் சுமை ஏற்பதும் கிடைக்காமற் போனவருக்குப் பின்னர் அதை முழுவதுமாக ஈடுசெய்ய வழி இருக்குமா என்ற ஐயம் நியாயமானது. அந்த வயதிலேயே, பருவமெய்தியதும், பல பெண்பிள்ளைகள் மைதானத்திலிருந்து விலக்கப்படுகிறார்கள். விலக்கப்படாத திறமைசாலிகள் சிலர், போட்டிக்குப் போட்டி ஓய்வின்றி விளையாட வைக்கப்பட்டு முழங்கால் வலியோடு ஒதுங்குகிறார்கள். இரண்டையும் தவிர்க்கப் பெரிய செலவு தேவையில்லை: சமமான தரை, இரண்டு வளையங்கள், தரையிறங்கும் முறையைச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த ஓர் ஆசிரியை, வாரத்தில் ஓய்வு நாள்கள். சிலாவத்துறையின் பெற்றோரும் அதிபர்களும் கல்வி வலய அதிகாரிகளும் பதினேழு வயது வரை எல்லாப் பிள்ளைகளையும் மைதானத்தில் வைத்திருக்க வேண்டும். பிற்காலத்தில் எந்த விலை கொடுத்தும் வாங்க முடியாத ஒன்று அங்கேதான், அந்த ஆண்டுகளில்தான் உருவாகிறது.