தண்ணீர் புகாது என்று பெட்டியில் எழுதியிருக்கிறது

போன மாத உரையில் மெற்றல் டிற்றெக்டர் எனப்படும் உலோகம் கண்டறியும் கருவியைப் பற்றித் தொடங்கி, நேரம் போதாமல் பாதியில் விட்டுவிட்டேன். அதன்பிறகு நிலையத்துக்கு அழைத்தவர்கள் ஒரே விஷயத்தைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்டிருந்தார்கள். கடலில் நகை விழுந்தால் இந்தக் கருவியைத் தண்ணீருக்குள் கொண்டுபோகலாமா, உள்ளே தண்ணீர் போய்ப் பழுதானால் கொம்பனி மாற்றித் தருமா என்பதே அது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஆட்களுக்கு இந்தக் கருவியை அறிமுகம் செய்யத் தேவையில்லை. சோதனைச் சாவடியில் உடம்பைத் தடவியதும் இதன் வகைதான், முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் பெண்பிள்ளைகள் கையில் பிடிப்பதும் இதன் வகைதான். ஆனால் காசு கொடுத்து வாங்கி, அது கண்முன்னே செத்துப் போனதை நான் பார்த்தது ருவைஸில்.

ருவைஸ், அபுதாபி நகரத்திலிருந்து மேற்கே ஏறத்தாழ 240 கிலோமீற்றர். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, அதற்கான குடியிருப்பு, பக்கத்தில் கடல். அங்கே ஆலைக் கருவிகளைப் பராமரிக்கும் பிரிவில் நான் வேலை செய்தேன். கூட வேலை செய்த தம்பி ஒருவரின் மனைவி, ஒரு வெள்ளிக்கிழமை மாலை பிள்ளையோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றபோது தாலிக்கொடி கழன்று விழுந்துவிட்டது. யாழ்ப்பாணத்துக் கொடி என்ன பாரம் என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் கொடி, தமிழ்நாட்டில் முகாமில் இருந்த காலத்தில் இரண்டு தரம் அடகுக்குப் போய் மீண்டு வந்தது. "அண்ணை, அம்மாவின்ரை சங்கிலியை அழிச்சுச் செய்தது. எப்படியும் எடுத்துத் தாங்கோ" என்று அந்தப் பிள்ளை அழுதது.

தம்பி ஒன்றரை மாதச் சம்பளத்தைக் கொடுத்து ஒரு கருவியைத் தபாலில் வரவழைத்தார். வேறு நாட்டு விற்பனையாளர், உள்ளூர்க் கடையைவிட விலை குறைவு. 3 மீற்றர் ஆழம் வரை தண்ணீர் புகாது என்று பெட்டியில் அச்சடித்திருந்தது. முதல் நாள் நன்றாக வேலை செய்தது. இரண்டாம் நாள் திரைக்குப் பின்னால், மூச்சுப்பட்ட கண்ணாடி போல ஒரு மங்கல். ஒரு மணித்தியாலத்தில் அடங்கிவிட்டது. தன் செலவில் திருப்பி அனுப்பினார். மூன்று வரியில் பதில் வந்தது: உள்ளே உப்பு அரிப்பு இருக்கிறது, மூடி சரியாக மூடப்படவில்லை, உத்தரவாதம் செல்லாது.

விற்றவர் மேல் எனக்குக் கோபம்தான். ஆனாலும் பாதிப் பிழை எங்களுடையது, அதிலும் என்னுடையது. நாள் முழுக்க இதே வேலையைச் செய்கிறவன் கவனித்திருக்க வேண்டும்.

இந்தக் கருவிக்கு இரண்டு பாகம். கீழே மணலைத் தடவும் வட்டச் சுருள், மேலே திரையும் பற்றரியும் உள்ள பெட்டி. மலிவான பலவற்றில் சுருள் மட்டும்தான் தண்ணீருக்குத் தாங்கும். கரெற் கொம்பனியின் ஏஸ் 250 அப்படிப்பட்டது. அதே கொம்பனியின் ஏ.ரி. புரோவை 3 மீற்றர் வரை முழுதாக அமிழ்த்தலாம். பிரெஞ்சுத் தயாரிப்பான எக்ஸ்.பி. டியூஸ் 2 கருவிக்கு 20 மீற்றர் சொல்கிறார்கள். கருவி நீருக்குள் போகும் என்றாலும் கூட வரும் ஹெட்போன் போகாமல் இருக்கலாம், அதைத் தனியாகக் கேளுங்கள். கம்பியில்லாத ஹெட்போன் என்றால், அந்த அலை உப்புத் தண்ணீரைக் கடந்து வராது. வானொலி நேயர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அடுத்தது ஐ.பி. என்று தொடங்கும் இரண்டு இலக்கம். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. இரண்டாவது 7 என்றால் 1 மீற்றர் ஆழத்தில் 30 நிமிடம். 8 என்றால் அதைவிடக் கடுமையான நிலை. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பவரே சொல்வார். சோதனை நடப்பது ஆய்வுகூடத்தில், புத்தம் புதிய கருவியில், அசையாத நல்ல தண்ணீரில். அலை இல்லை, மணல் இல்லை, உப்பு இல்லை. சாதாரணக் கடல்நீரில் கிலோவுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கும். வளைகுடாவில் 40 கிராமுக்கு மேல். அந்த உப்பு காய்ந்து மூடியின் றப்பர் வளையத்தில் பளிங்காகப் படிந்தால், அடுத்த முறை மூடும்போது வளையம் சரியாக அமராது. ஒரு மணல் குறுணியும், ஒரு தலைமயிரும் அதையே செய்யும்.

எங்கள் பிழை வேறு. மத்தியான வெயிலில் நின்ற காருக்குள் வைத்துப் பற்றரி மூடியைத் திறந்து மூடினோம். உள்ளே 65 பாகை வெப்பக் காற்று அடைபட்டது. நேரே 30 பாகைக் கடலில் இறக்கினோம். குளிர்ந்ததும் உள்ளே காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறையும். கருவி தண்ணீரை உறிஞ்சத் தொடங்கும். முழங்காலளவு தண்ணீரில் நிற்கும்போதே, இன்னும் 1 மீற்றர் ஆழத்தில் நிற்பது போன்ற அழுத்தம் றப்பரில் விழும். நல்ல வளையம் அதைத் தாங்கும், மணல் சிக்கிய வளையம் தாங்காது.

இந்தச் சிக்கல் டிற்றெக்டருக்கு மட்டும் உரியதல்ல. 2020 நவம்பரில் இத்தாலியின் போட்டி ஆணையம் அப்பிள் கொம்பனிக்கு 10 மில்லியன் யூரோ தண்டம் விதித்தது. தண்ணீரைத் தாங்கும் என்று விளம்பரம் செய்துவிட்டு, அது ஆய்வுகூட நிலைமைக்கு மட்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லாததும், தண்ணீர்ச் சேதத்துக்கு உத்தரவாதத்தை மறுத்ததுமே காரணம். அவுஸ்திரேலியாவில் 2022 ஜூனில் சம்சுங் கொம்பனிக்கு 14 மில்லியன் டொலர் தண்டம். நீச்சல் தடாகத்திலும் கடலிலும் பாவிக்கலாம் என்பது போல விளம்பரம் செய்தார்கள். ஈரம் காயுமுன் சார்ஜ் ஏற்றினால் அந்த வாய் அரித்துப்போகும் நிலை இருந்தது. டிற்றெக்டரின் சார்ஜ் முனைக்கும் இதே கதிதான். நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.

ஆக, தண்ணீர் புகாது என்பது ஒரு பேச்சு, புகுந்தால் மாற்றித் தருவோம் என்பது வேறு பேச்சு. உத்தரவாதச் சீட்டில் இரண்டாவது பேச்சு இருக்கிறதா என்று வாங்குமுன் வாசியுங்கள். பெரும்பாலும் அது அங்கீகாரம் பெற்ற கடையில், பற்றுச்சீட்டோடு, முதலில் வாங்கியவருக்கு மட்டும் செல்லும். ஆணியைக் கழற்றிப் பார்த்தால் போய்விடும். அதற்கு மேல் நாட்டுச் சட்டம் தரும் உரிமை இருக்கிறது. பிரித்தானியாவில் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி பழுதான பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்; முதல் 6 மாதத்துக்குள் தெரியும் பழுது, விற்றபோதே இருந்ததாகப் பொதுவாகக் கொள்ளப்படும். அவுஸ்திரேலியாவிலும் கொம்பனியின் சீட்டுக்கு அப்பால் சட்ட உரிமை உண்டு. அமீரகத்திலும் 2020ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க நுகர்வோர் சட்டம் இருக்கிறது. ஆனால் வேறு நாட்டு விற்பனையாளரிடம் தபாலில் வாங்கியவர் இவற்றில் எதைப் பிடித்துக்கொண்டு எங்கே போவது? தம்பி மிச்சம் பிடித்த காசின் விலை அதுதான்.

மலிவில் போலியும் வரும். மைன்லாப் கருவிகளைச் செய்யும் அடிலெயிட் கொம்பனி கோடான், திருத்த வந்த கருவிகளுக்குள் தான் வைக்காத மட்டமான பாகங்களைக் கண்டது. வரைபடங்கள் திருடப்பட்டு, போலிகள் ஆபிரிக்கத் தங்கச் சந்தையில் விற்பனையாகியிருந்தன. விலையைக் குறைக்க வேண்டி வந்தது. 45 மில்லியன் டொலராக இருந்த ஆண்டு இலாபம் 2014 ஜூனில் முடிந்த ஆண்டில் 9 மில்லியனாகச் சரிந்தது. தொடர் இலக்கத்தைக் கொம்பனியிடம் கேட்டுச் சரிபார்த்துவிட்டே காசைக் கொடுங்கள்.

வாங்கிய கிழமையே, திருப்பிக் கொடுக்கும் தவணை முடியுமுன், வீட்டில் பெரிய வாளியில் நல்ல தண்ணீர் நிரப்பி அரை மணித்தியாலம் அமிழ்த்திப் பாருங்கள். குமிழி வந்தால், திரை மங்கினால் உடனே படம் எடுத்து வையுங்கள். கண்ணிவெடி அகற்றுபவர்கள் வேலை தொடங்குமுன், கருவியை ஒரு மாதிரி உலோகத் துண்டின் மேல் பிடித்துப் பார்க்காமல் போகமாட்டார்கள். நாங்கள் மூடியைத் துடைத்துப் பார்க்கவாவது பழக வேண்டும். இன்னொன்று, இந்தக் கருவியை ஊருக்குக் கொண்டுபோக நினைக்காதீர்கள். இலங்கையில் புதையல் தேடியதாகக் கருவியோடு பிடிபட்டவர்களின் செய்தி அடிக்கடி வருகிறது.

கொடி என்னவாயிற்று என்று கேட்பீர்கள். ஆலையில் ஒருவரிடம் சுருள் மட்டும் நனையக்கூடிய பழைய கருவி இருந்தது. குடியிருப்புக் காவல் அலுவலகத்தில் சொல்லிவிட்டு, அமாவாசைக்கு அடுத்த நாள் வற்று நேரம் பார்த்துப் போனோம். அப்போதுதான் கடல் மிகவும் பின்வாங்கும். இடுப்பளவாக இருந்த இடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். பெட்டியை நனைக்கவே தேவைப்படவில்லை. மெல்லிய சங்கிலிக்கு இந்தக் கருவிகள் சரியாகச் சத்தம் கொடுக்காது, ஒவ்வொரு வளையமும் சிறியது என்பதால். கொடியில் கோத்திருந்த பவுண் காசுதான் காட்டிக் கொடுத்தது. ஒரு சாண் ஆழத்தில் கிடந்தது. இரண்டு காசில் ஒன்று இல்லை. அதற்காக இன்னும் நான்கு வற்றுக்குப் போனோம், கிடைக்கவில்லை.