மூழ்காத பளிங்குச் சிலை

3 டன் எடையுள்ள பளிங்குச் சிலை கடலில் விழுந்தால் மிதக்குமா? மிதக்கும்படி செய்தார்கள்!

உயிரற்ற இயேசுவை மடியில் தாங்கிய மரியாளை மைக்கலாஞ்சலோ செதுக்கினார். 'பியெத்தா' எனப்படும் அச்சிலை 1964இல் வாத்திக்கனிலிருந்து நியூயார்க் உலகக் கண்காட்சிக்குக் கப்பலேறியது. பொறுப்பாளர்களுக்குக் கவலை இராதா? முன்பு ஒருமுறை இடம் மாற்றியபோது மரியாளின் இடக்கை விரல்கள் நான்கு உடைந்து, 1736இல் சீர்செய்யப்பட்டவை.

சிலையை மரப்பெட்டியில் வைத்துச் சுற்றிலும் பிளாஸ்டிக் நுரையை அடைத்தார்கள். நாம் தெர்மோகோல் என்கிறோமே, அந்த இனம். பெட்டியை மேல்தளத்தில் பொருத்தி, இருக்குமிடம் அறிவிக்கும் வானொலிக் கருவியையும் இணைத்தார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பளிங்கின் அடர்த்தி நீரைப்போல் 2.7 மடங்கு. ஆகவே 3 டன் சிலையின் கனஅளவு சுமார் 1.1 கன மீட்டர்தான். அது விலக்கும் நீரின் எடையும் ஏறத்தாழ 1.1 டன்தான். தனியே விழுந்தால் மூழ்கும். நுரையோடு சேர்ந்து பெட்டி 4 கன மீட்டர் இருந்தால்? 4 டன் நீர் விலகும். நுரைக்கு எடை மிகக் குறைவு. மரமோ தானே மிதப்பது. ஆர்க்கிமிடீஸ் தூக்கி நிறுத்திவிடுவார்!

நுரைக்கு இன்னொரு வேலையும் உண்டு. கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னுக்கு இழுக்கிறார் அல்லவா? நிற்க ஆகும் நேரம் நீண்டால் விசை குறையும். இன்று கலைப்பொருள்களை ஏற்றிச்செல்லும் தனி நிறுவனங்கள் பொருளின் எடைக்கேற்ப நுரையைத் தேர்வது இதற்காகவே. மிக மெத்தென்றிருந்தால் நசுங்கிவிடும். கெட்டியாக இருந்தால் அதிர்ச்சியை அப்படியே கடத்தும்.

சிலை பத்திரமாகத் திரும்பியது. 1972இல் சொந்தத் தேவாலயத்திலேயே ஒருவனிடம் சுத்தியலடி பட்டது. அது வேறு கதை.