சாட்விக் என்றொரு குடும்பப் பெயர்



"ஊர், பேர் தெரியாதவன்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஒருவரைப் பற்றி விசாரிக்கும்போது ஊரையும் பேரையும் ஒன்றாகச் சேர்த்தே கேட்பது நம் வழக்கம். அந்த ஊரே ஒருவருக்குப் பேராகி, பிறகு அவர் பிள்ளைக்கும், பேரனுக்கும், எழுநூறு ஆண்டுகளுக்குப் பின் பிறந்தவர்களுக்கும் பேராக நிலைத்துவிட்டால் எப்படி இருக்கும்? ஆங்கிலேயரின் குடும்பப் பெயர்களில் பெரும் பகுதி இப்படி வந்தவைதாம். அவற்றுள் ஒன்றைப் பற்றி எழுத விரும்புகிறேன். அந்தப் பெயர் நம் ஊரிலேயே இருக்கிறது.

செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைக் கடந்துதான் நான் தினமும் பள்ளிக்கு வருகிறேன். ஆசிரமத்திற்குள் மேஜர் சாட்விக் என்ற ஆங்கிலேயரின் சமாதி இருக்கிறது. முதல் உலகப் போரில் பணியாற்றிய படை அதிகாரியான அவர், 1935 நவம்பரில் திருவண்ணாமலைக்கு வந்தார். வந்தவர் இங்கேயே தங்கிவிட்டார். சாது அருணாசலா என்று பெயரை மாற்றிக்கொண்டு, 1962இல் இங்கேயே காலமானார். அவரே விட்டுவிட்ட பெயர்தான் சாட்விக். ஆனாலும் ஊரார் அவரை 'மேஜர் சாட்விக்' என்றே சொல்கிறார்கள். குடும்பப் பெயர் என்பது அவ்வளவு எளிதில் ஒருவரை விட்டுப் போகாது போலும்!

சாட்விக் என்ற சொல்லை இரண்டாகப் பிரிக்க வேண்டும். முன்பாதி 'சாட்'. இது பழைய ஆங்கிலத்தில் ஓர் ஆணின் பெயர். பின்பாதி 'விக்'. இது வீகுஸ் என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. முதலில் குடியிருப்பு என்ற பொருளைத் தந்தது. பிறகு பண்ணை என்றும், சிறப்பாகப் பால்மாடுகள் உள்ள பண்ணை என்றும் பொருள்பட்டது. ஆகவே சாட்விக் என்றால் 'சாட் என்பவருடைய மாட்டுப் பண்ணை'. நம் பக்கத்து வழக்கில் சொன்னால் 'சாட்டன்பட்டி' என்று வைத்துக்கொள்ளலாம். ஆடு மாடுகளை அடைக்கும் இடத்திற்குப் பட்டி என்று பெயர். அதுவே எத்தனை ஊர்ப் பெயர்களின் முடிவில் நிற்கிறது! ஆயர்பாடி என்னும்போது வருகிற பாடியும் அப்படித்தான். ஏழு கடல் தாண்டியிருக்கும் நாட்டிலும் மாடு கட்டிய இடம்தான் ஊராயிற்று என்று அறிந்தபோது எனக்கு ஏனோ மகிழ்ச்சியாக இருந்தது.

இந்த 'விக்' இங்கிலாந்து முழுவதும் சிதறிக் கிடக்கிறது. ஹார்ட்விக் என்றால் மந்தைப் பண்ணை, பட்டர்விக் என்றால் வெண்ணெய்ப் பண்ணை, பெரிக் என்றால் வாற்கோதுமைப் பண்ணை. சிசிக், கெசிக் இரண்டும் பாலாடைக் கட்டி செய்த பண்ணைகள். இவற்றில் சிலவற்றை எழுதும்போது நடுவில் டபிள்யூ எழுத்து இருக்கும், படிக்கும்போது இருக்காது. சாட்விக்கிலோ அதை உச்சரிக்க வேண்டுமாம். ஆங்கிலப் பாடத்தில் நாம் படும் பாட்டுக்கு இதுவும் ஒரு காரணம் என்று சிஸ்டரிடம் சொன்னேன். அவர்கள் சிரித்தார்களே தவிர மறுக்கவில்லை.

சாட் என்ற பெயரைக் கேட்டதும் நம் பள்ளியில் உள்ளவர்களுக்கு ஒரு புனிதர் நினைவுக்கு வர வேண்டும். ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித சாட் ஆண்டகை 672ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் இறந்தார். அந்நாளே அவரது திருநாள். அவரும் அவருடைய உடன்பிறந்தார் மூவரும் குருக்கள். அவர்களில் செட் என்பவரும் ஆயராக இருந்து புனிதரானவர். புனித பீடர் 731இல் எழுதி முடித்த ஆங்கிலத் திருச்சபை வரலாற்றில் இவரைப் பற்றிப் படிக்கலாம். யார்க் நகர ஆயராயிருந்த சாட், தம்மை ஆயராக்கிய முறையில் குறை இருக்கிறது என்று பேராயர் தியோடர் சொன்னதும், "நான் இதற்குத் தகுதியானவன் என்று ஒருபோதும் நினைத்ததில்லை" என்ற கருத்தில் பதில் சொல்லி, மறுப்பின்றி விலகினார். அந்தப் பணிவைக் கண்ட பேராயர் பிறகு அவரை லிச்ஃபீல்டுக்கு ஆயராக்கினார். அங்கும் அவர் நடந்தே ஊர் ஊராகப் போனார். தூரப் பயணத்திற்குக் குதிரை வேண்டும் என்று சொல்லியும் கேளாததால், பேராயரே தம் கைகளால் அவரைத் தூக்கிக் குதிரைமேல் ஏற்றி வைத்தாராம்! இன்று பர்மிங்ஹாம் நகரில் உள்ள கத்தோலிக்கப் பேராலயம் அவர் பெயரில்தான் இருக்கிறது.

ஆனால், சாட்விக் ஊரின் மாட்டுப் பண்ணை இந்தப் புனிதருடையது அன்று. அதே பெயர் கொண்ட வேறு யாரோ ஒரு குடியானவருடையது. நம்மில் எத்தனை அந்தோணி, எத்தனை சூசை! அப்படித்தான்.

வட இங்கிலாந்தில் லங்காஷயர் என்றொரு மாவட்டம் உண்டு. 1974 வரை அதில் அடங்கியிருந்த ராச்டேல் நகருக்கு அருகில் உள்ள சாட்விக்கே இந்தக் குடும்பப் பெயருக்கு முக்கியமான பிறப்பிடம் என்கிறார்கள். ராச்டேலின் பழைய கோயிலும் புனித சாட் கோயில்தான். வார்விக்ஷயர், ஊஸ்டர்ஷயர் பகுதிகளிலும் சாட்விக் என்ற இடங்கள் உள்ளன. ஆகையால் சாட்விக் என்ற பெயருடைய எல்லோரும் ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள் என்று சொல்லிவிட முடியாது.

இங்கே ஒன்றை நன்றாகக் கவனிக்க வேண்டும். சாட்விக் ஊரிலேயே இருந்தவரை யாரும் 'சாட்விக்காரர்' என்று கூப்பிட்டிருக்க மாட்டார்கள். ஊரில் எல்லோருமே சாட்விக்காரர்தானே! ஊரை விட்டு வேற்றூருக்குப் போனவருக்குத்தான் ஊர்ப்பெயர் ஒட்டிக்கொள்ளும். எங்கள் தெருவில் 'போளூர் அக்கா' இருக்கிறார்கள், 'செங்கத்தார் வீடு' இருக்கிறது. எங்கள் ஆயாவைத் தெருவில் எல்லோரும் 'சேத்துப்பட்டு ஆயா' என்பார்கள். ஆயா அந்த ஊரை விட்டு வந்து ஐம்பது ஆண்டுகளாகின்றன. சேத்துப்பட்டில் யாரும் ஆயாவை அப்படிக் கூப்பிட்டதில்லை. குடும்பப் பெயர் என்றால், ஒரு காலத்தில் யாரோ ஒருவர் ஊரை விட்டுப் புறப்பட்டதற்கு அடையாளம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நார்மானியர் 1066இல் இங்கிலாந்தை வென்ற பிறகுதான் இத்தகைய பெயர்கள் பரம்பரையாக வரத் தொடங்கின. எங்கு பார்த்தாலும் வில்லியம், ஜான், ராபர்ட் என்று ஒரே பெயர்கள். நிலத்திற்குப் பத்திரம் எழுதவும் வரி வாங்கவும் இது போதவில்லை. ஒருவருக்கு ஊர்ப்பெயர், ஒருவருக்குத் தந்தை பெயர், ஒருவருக்குத் தொழில் பெயர் என்று சேர்த்து எழுதினார்கள். சுமார் 1400க்குள் இங்கிலாந்தின் பெரும்பாலான குடும்பங்களில் அது நிலைத்துவிட்டது. மகாநாடு கூட்டி முடிவு செய்ததன்று. கணக்குப்பிள்ளைகளின் வசதிக்காக வந்தது!

1881ஆம் ஆண்டின் மக்கள் கணக்கெடுப்பைப் பார்த்தால் சாட்விக்குகள் மிகுதியாக இருந்த இடம் லங்காஷயர்தான். இன்றும் மான்செஸ்டரைச் சுற்றியும், பக்கத்து யார்க்ஷயரிலும்தான் அதிகம். அங்கிருந்து கப்பலேறியவர்களால் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று பரவியிருக்கிறது. நாம் பாடத்தில் படிக்கும் நியூட்ரானை 1932இல் கண்டுபிடித்து 1935இல் நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் சாட்விக் மான்செஸ்டரில் படித்தவர். அதே 1935இல்தான் நம் மேஜர் சாட்விக் திருவண்ணாமலைக்கு வந்தார் என்பதை எண்ணிப் பாருங்கள். ஒரு சாட்விக் அணுவுக்குள்ளே தேடினார், இன்னொருவர் தமக்குள்ளே தேட வந்தார். மான்செஸ்டருக்கு அருகே 1800இல் பிறந்த எட்வின் சாட்விக், ஏழைத் தொழிலாளர் குடியிருப்புகளின் சாக்கடையையும் குடிநீரையும் பற்றி 1842இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். அதன் பயனாக 1848இல் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. எனக்கென்னவோ மற்ற எல்லாச் சாட்விக்குகளையும்விட இவரையே பிடித்திருக்கிறது. ஃபுளோரன்ஸ் சாட்விக் என்ற அமெரிக்கப் பெண்மணி 1950இல் பிரான்சிலிருந்து இங்கிலாந்துக்கும், 1951இல் இங்கிலாந்திலிருந்து பிரான்சுக்கும் கால்வாயை நீந்திக் கடந்தார். பெண்களில் இரு திசையிலும் கடந்தவர் அவரே முதலாமவர்.

சாட் என்று ஆப்பிரிக்காவில் ஒரு நாடும் ஏரியும் இருக்கின்றனவே என்று என் தோழி கேட்டாள். அதற்கும் இதற்கும் தொடர்பு கிடையாது.

ரமணாசிரமத்திற்கு வந்த மற்றவர்களின் பெயர்களையும் கொஞ்சம் பார்க்கலாம். ஆஸ்போர்ன் என்பது வடநாட்டுக் கடலோடிகளின் பெயரிலிருந்து வந்தது. 'தெய்வக் கரடி' என்று பொருள். மவுண்டன் பாத் பத்திரிகையை 1964இல் தொடங்கிய ஆர்தர் ஆஸ்போர்ன் மிகவும் சாதுவானவர் என்பார்கள்; கரடிக்கும் அவருக்கும் வெகு தூரம். 1911இலேயே ரமணரைக் காண வந்த போலீஸ் அதிகாரி ஹம்ஃப்ரீஸ் என்பவரின் பெயர் தந்தைவழிப் பெயர், அதாவது 'ஹம்ஃப்ரியின் மகன்'. இவர் பிற்காலத்தில் வேலையை விட்டுவிட்டுக் கத்தோலிக்கத் துறவியானார் என்பது நம் பள்ளியில் பலருக்குத் தெரியாத செய்தியாக இருக்கும். பால் பிரண்டன் என்ற எழுத்தாளரின் பெயரோ அவர் பிறந்தபோது இட்ட பெயரே அன்று. தாமே வைத்துக்கொண்ட புனைபெயர்!

இவ்வளவையும் நான் ஏன் தேடிப் படித்தேன் என்று சொல்ல வேண்டும்.

எங்கள் சித்தப்பா தாமஸ் வேலைக்காக வெளிநாடு போனார். எங்கள் தாத்தாவின் பெயர் அருளப்பன். எனவே பள்ளிச் சான்றிதழில் 'அ. தாமஸ்' என்று இருக்கிறது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று ஓர் இடம் இருந்ததால் அங்கே தாத்தாவின் பெயரை எழுதினார்கள். வேலை கொடுத்த இடத்தில், சான்றிதழில் உள்ளவரும் பாஸ்போர்ட்டில் உள்ளவரும் ஒருவர்தாமா என்று கேட்டு மூன்று மாதம் காக்க வைத்துவிட்டார்கள். அந்த மூன்று மாதத்தில் ஆயாவின் தோடு அடகுக் கடைக்குப் போனது. வேலையில் சேர்ந்த பிறகு அங்கே எல்லோரும் அவரை 'மிஸ்டர் அருளப்பன்' என்றே கூப்பிட்டார்களாம். "முதல் நாள் அப்படிக் கூப்பிட்டதும் அப்பா எங்கே வந்துட்டாருன்னு திரும்பிப் பார்த்தேன்" என்று சித்தப்பா சிரித்துக்கொண்டே சொன்னார். அப்போது தாத்தா இறந்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. ஆயா சிரிக்கவில்லை.

நம் வழக்கத்தில் முன்னெழுத்துதான் உண்டு, குடும்பப் பெயர் இல்லை. அறிஞர் அண்ணாவின் பெயரில் முதல் எழுத்து காஞ்சிபுரத்தையும், இரண்டாம் எழுத்து தந்தை நடராசனையும் குறித்தன. எம்.எஸ். சுப்புலட்சுமியின் 'எம்' மதுரை. 'எஸ்' அவருடைய தாயார் சண்முகவடிவு. தாயின் பெயரையும் முன்னால் வைக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? 1983இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகருக்குச் சுப்பிரமணியன் என்பது தந்தை பெயர், சந்திரசேகர் என்பதே சொந்தப் பெயர். அவர் கண்டுபிடித்த விண்மீன் கணக்கை உலகம் 'சந்திரசேகர் எல்லை' என்கிறது. மேனாட்டு முறைப்படி அது குடும்பப் பெயர்; நம் முறைப்படி அவரை அம்மா கூப்பிட்ட பெயர்.

இந்த ஆண்டு பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் எழுத வேண்டிய நாள் வந்தது. "இதில் எழுதுவதுதான் கடைசிவரை வரும், வீட்டில் கேட்டு எழுதுங்கள்" என்று சிஸ்டர் சொன்னார்கள். என் அப்பாவின் பெயர் சேவியர். ஆகவே நான் 'சே.'

சேவியர் எப்படி வந்த பெயர் என்று அதே மூச்சில் பார்த்தேன். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த நம் புனித பிரான்சிஸ் சேவியரின் சொந்தப் பெயர் பிரான்சிஸ்தான். சேவியர் என்பது ஸ்பெயின் நாட்டில் நவார் பகுதியில் உள்ள அவர்களுடைய கோட்டையின் பெயர். பாஸ்கு மொழியில் அதற்குப் 'புது வீடு' என்று பொருள். ஓரியூரில் 1693இல் தலை வெட்டுண்டு மறைசாட்சியான புனித ஜான் டி பிரிட்டோவின் 'பிரிட்டோ'வும் குடும்பப் பெயரே. டான் போஸ்கோவின் 'போஸ்கோ'வும் அப்படியே. இத்தாலிய மொழியில் போஸ்கோ என்றால் காடு. நாம்தான் இவற்றை எடுத்து நம் தம்பிமார்களுக்குச் சொந்தப் பெயராக வைத்துவிட்டோம். லிங்கன், நியூட்டன், கென்னடி என்று பெயர் வைக்கிறார்களே, அவையும் இவ்வாறே. நியூட்டன் என்றால் வேறொன்றுமில்லை தோழியரே, புதூர்!

அன்று மாலை அப்பா, சித்தப்பாவுக்கு நேர்ந்ததை நினைவூட்டி, பிறப்புச் சான்றிதழில் எந்த எழுத்தில் இருக்கிறதோ அதே எழுத்தில், என் பெயருக்குப் பின்னால் 'சேவியர்' என்று முழுதாக எழுதச் சொன்னார்கள். எழுதியதை ஆயாவிடம் படித்துக் காட்டினேன்.

"இதுல உங்க தாத்தா பேரு எங்கடி?" என்றார்கள் ஆயா.

"இடமில்லை ஆயா" என்றேன். பிறகு மனம் கேட்காமல் என் நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் என் பெயர், அதற்குமேல் சேவியர், அதற்குமேல் அருளப்பன், அதற்குமேல் சின்னப்பன் என்று ஏணிபோல எழுதினேன். சின்னப்பனுக்கு மேலே யார் என்று கேட்டேன். ஆயா வெகுநேரம் யோசித்தார்கள். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்று மட்டும் கேள்விப்பட்டதாகச் சொன்னார்கள், பெயர் நினைவில்லை. அந்த இடத்தில் 'வேலூர்' என்று எழுதி வைத்திருக்கிறேன்.