இணையப் பாடநெறி விற்பவர்கள் கவனத்திற்கு

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது நமது பகுதி ரியூசன் வகுப்புகள் பலவும் இணையத்துக்கு மாறின. இன்று தையல், கேக் தயாரிப்பு, கணக்கியல் என்று கட்டணம் பெற்று இணையவழிப் பாடநெறி நடத்துவதும் ஒரு வியாபாரமே. கடையில் சரக்கை ஒழுங்காக அடுக்குவோர் பாடத்தை மட்டும் கண்டபடி கொட்டிவிடுகின்றனர்.

இத்தகைய பாடநெறிகளுக்கு உலகெங்கும் பயன்படும் இலவச மென்பொருள் மூடில். அவுஸ்திரேலியரான மார்ட்டின் டூகியாமஸ் உருவாக்கிய இதன் முதலாவது பதிப்பு 2002இல் வெளியானது. நமது பல்கலைக்கழகங்கள் பலவும் இதனைப் பயன்படுத்துகின்றன. இதில் பாடம் எழுதும் பெட்டியில் எச்.ரி.எம்.எல். காட்டும் வசதி ஒன்றுண்டு. எது தலைப்பு, எது பந்தி, எது அட்டவணை என்று உலாவிக்குச் சொல்லும் குறியீடுகளே எச்.ரி.எம்.எல். அதனைச் சிறிதளவு அறிந்தாலே பாடத்தின் தோற்றத்தை நாமே திருத்திக்கொள்ளலாம்.

முதலில் எழுத்துரு. பாமினியில் தட்டச்சுச் செய்ததை அப்படியே ஒட்டினால், அந்த எழுத்துரு இல்லாத தொலைபேசியில் ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளுமே தெரியும். எனவே முதலில் யுனிகோடுக்கு மாற்றுங்கள். வேர்டிலிருந்து நேரடியாக ஒட்டினால் வேண்டாத குறியீடுகளும் கூடவே வரும். வெறும் எழுத்தாக ஒட்டி, பின்னர் தலைப்புகளை இடுங்கள்.

அடுத்தது அகலம். தையல் அளவு அட்டவணையொன்றை 800 பிக்சல் என்று நிர்ணயித்தால் கணினியில் அழகாக இருக்கும். கையடக்கத் தொலைபேசித் திரையோ பெரும்பாலும் 360 முதல் 430 பிக்சல் வரைதான். கடைசி நிரலில் கை நீளம் இருந்தால், படிக்கும் சகோதரி அதைக் காணாமலே துணியை வெட்டிவிடுவார். துணி வீண், பணமும் வீண். நிரல்களைக் குறையுங்கள். அட்டவணைக்கும் படத்துக்கும் அகலத்தை நூறு வீதம் என்று கொடுங்கள்.

தமிழில் சொற்கள் நீளமானவை. இருபக்கமும் சமன்செய்தால் சிறு திரையில் சொற்களுக்கிடையே பெரும் இடைவெளி விழும். இடப்பக்கம் மட்டும் சமன்செய்வதே நல்லது. வரி இடைவெளியை எழுத்தின் அளவைப்போல் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் வையுங்கள்.

கண்ணைப் பறிக்கும் அசைவுகளுக்கு ஆசைப்பட வேண்டாம். அவற்றுக்கான நிரல்களைப் பாதுகாப்புக் கருதிச் சில தளங்கள் நீக்கிவிடக்கூடும். பெரிய படங்களோ மாணவரின் டேட்டாவைத் தின்றுவிடும்.

திருத்துமுன் பழைய பிரதியொன்றைச் சேமித்து வையுங்கள். பின்னர் விலை குறைந்த தொலைபேசி ஒன்றில் பாடம் முழுவதையும் நீங்களே படித்துப் பாருங்கள். அதன் பிறகே கட்டணம் வாங்குங்கள். குறையை மறைத்துச் சரக்கு விற்பதை மார்க்கம் தடுத்திருக்கிறது. வாசிக்க முடியாத பாடமும் குறையுள்ள சரக்குத்தான்.