மஞ்சளும் 'கரண்டு' வைத்த தோலும்



நம் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் புற்றுநோய்க்குக் 'கரண்டு' வைத்துக் கொள்பவர்கள் பலர் புதுச்சேரி ஜிப்மருக்கோ சென்னை அடையாறுக்கோ போய் வருகிறார்கள். சில வாரத்தில் கதிர் பட்ட இடத்துத் தோல் கறுத்து எரிகிறது. சிலருக்கு உரிந்து நீரும் கசிகிறது. உடனே வீட்டார் ஓடி வருவது மளிகைக் கடைக்குத்தான். "அண்ணாச்சி, நல்ல கஸ்தூரி மஞ்சளாகக் கொடுங்கள், பூச வேண்டும்" என்பார்கள். நாமும் யோசிக்காமல் பொட்டலம் கட்டிக் கொடுத்தவர்கள்தான். அது சரியா என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

மஞ்சளுக்கு நிறம் தருவது குர்க்குமின் என்னும் பொருள். கதிர்வீச்சு தோலின் உயிரணுக்களில் சில வேண்டாத பொருள்களை உண்டாக்கிச் சேதப்படுத்துகிறது. அவற்றைத் தணிக்கும் குணம் குர்க்குமினுக்கு இருப்பதால்தான் மருத்துவர்கள் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். அமெரிக்காவில் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தார் மார்பகப் புற்றுநோய்ப் பெண்கள் 30 பேரிடம் நடத்திய சோதனை 2013-ல் வெளிவந்தது. தினம் 6 கிராம் குர்க்குமின் மாத்திரை சாப்பிட்டவர்களில் 28.6 சதவீதம் பேருக்கே தோல் உரிந்து நீர் கசிந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் அது 87.5 சதவீதம். ஆனால் 686 பேரிடம் பெரிதாக நடத்தி 2018-ல் வெளியிட்டபோது அந்தப் பலன் நிற்கவில்லை. முதல் செய்தி பரவிய அளவுக்கு இரண்டாவது பரவவில்லை என்பது நமது குறை.

கணக்கும் பாருங்கள். விரலி மஞ்சளில் குர்க்குமின் சுமார் 3 சதவீதம் என்று வைத்தால், 6 கிராமுக்கு 200 கிராம் தூள் வேண்டும். தினம் இதை யார் சாப்பிடுவது?

பூசுவதற்கும் ஒரு சோதனை உண்டு. மங்களூரில் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 50 பேரிடம், மஞ்சளும் சந்தன எண்ணெயும் சேர்ந்த விக்கோ கிரீமையும் குழந்தை எண்ணெயையும் ஒப்பிட்டு 2014-ல் வெளியிட்டார்கள். கிரீம் பூசியவர்களுக்குத் தோல் பாதிப்பு குறைந்திருந்தது. பேர் குறைவு என்றாலும் நல்ல செய்திதான். ஆனால் அது மருத்துவர் கண்காணிப்பில் பூசிய கிரீம். நாம் மூட்டை பிரித்து அளக்கும் தூள் அல்ல. சோற்றுக் கற்றாழையும் 1935-லேயே எக்ஸ்ரே புண்ணுக்குப் பேர் வாங்கியது. பின்னால் வந்த சோதனைகளில் அந்தப் பேர் நிலைக்கவில்லை.

சரக்கு விஷயத்துக்கு வருவோம். கஸ்தூரி மஞ்சள் என்று சந்தைக்கு வருவதில் பல, வேறு கூவைக் கிழங்கு. உண்மையான கஸ்தூரி மஞ்சள் பளிச்சென்று மஞ்சளாக இராது, வெளிறிய நிறம். குர்க்குமினும் அதில் குறைவு. தூளிலும் கிழங்கின் மெருகிலும் ஈயக் குரோமேட் என்ற சாயம் கலப்பவர்கள் இருக்கிறார்கள். உரிந்த தோலில் ஈயம் படுவதை நினைத்துப் பாருங்கள். ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி தூளைப் போட்டால், கலப்படமில்லாத தூள் வெளிர் மஞ்சள் நிறம் விட்டுப் படியும். சாயம் கலந்தது கெட்டி மஞ்சளாகத் தெரியும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பளபளக்கும் சரக்கை எடுப்பதில் நாமும் ஏமாந்ததுண்டு.

இன்னொன்று. கதிர் வைக்க வேண்டிய இடத்தில் மருத்துவமனையில் கோடு போட்டிருப்பார்கள். மஞ்சள் பூசிக் கழுவினால் அந்தக் கோடு அழியலாம். சிகிச்சை நடக்கும்போது குர்க்குமின் மாத்திரை சாப்பிட்டால் புற்றணுவையும் அது காக்குமோ என்ற தயக்கம் மருத்துவர்களில் சிலருக்கு உண்டு. ஆகவே 'கரண்டு' வைத்தவர்களுக்கு என்று மஞ்சள் கேட்டு வந்தால், "குழம்புக்குத் தருகிறோம், பூசுவதற்கு டாக்டரைக் கேட்டு வாருங்கள்" என்றே நாம் இப்போது சொல்லி அனுப்புகிறோம். பத்து ரூபாய் வியாபாரம் போகிறது. ஒரு அம்மா கோபித்துக் கொண்டு எதிர்க் கடைக்குப் போனார். மறுவாரம் பருப்பு வாங்க நம்மிடமே வந்தார்.