திருவண்ணாமலையில ஒரு வாரம்: முதல்ல காலண்டரைப் பாருங்க

யோகா ட்ரிப்னா பாலித் தீவுதானா, திருவண்ணாமலை ஆகாதான்னு கேட்டிருந்தீங்க. தாராளமா ஆகும். ரூம் தேடுறதுக்கு முன்னாடி பௌர்ணமி என்னைக்குன்னு பாருங்க. அன்னைக்கு லட்சக்கணக்குல கிரிவலம் வருவாங்க. அமைதி தேடுறவங்க அந்த வாரத்தைத் தவிர்த்திடுங்க.

ரமணாசிரமத்துல தங்க முன்கூட்டியே எழுதிக் கேட்கணும். வாடகை கிடையாது, விருப்பப்பட்டதைக் கொடுக்கலாம். யோகா வகுப்பு எதிர்பார்க்காதீங்க. சும்மா உட்கார்றதுதான் அங்க (நமக்கு அதுதான் கஷ்டம்!).

கிரிவலம் 14 கிலோமீட்டர், வெறுங்கால். முதல் நாளே கிளம்பாதீங்க. ஆசிரமத்துக்குப் பின்னாடி இருக்கிற பாதையில, ரமணர் 1922 வரைக்கும் இருந்த ஸ்கந்தாசிரமத்துக்கு ஏறிப் பழகிட்டு, மூணாவது நாள் விடிகாலை நாலு மணிக்கு நடங்க. வெயில் ஏறினா தார் ரோடு கொதிக்கும். நான் மே மாசம் பத்து மணிக்குக் கிளம்பி, பாதியில ஆட்டோ பிடிச்சவன். மிச்ச நாலு நாளும் கால் கொப்புளத்தோட ரூம்லயே கிடந்தேன்.